செயலி காட்டும் 1,400 கலோரியை நம்பலாமா?

“நாளுக்கு 1,400 கலோரிக்கு மேல் நான் சாப்பிடுவதே இல்லை. ஆனாலும் எடை அசைய மாட்டேன் என்கிறது.”

பல்கலைக்கழக உணவகத்தில் மதிய நேரத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் இந்தப் புலம்பலை அடிக்கடி கேட்கலாம். சொல்பவர் கைப்பேசியை எடுத்துச் செயலியையும் காட்டுவார். காலை முதல் இரவு வரை எல்லாம் பதிவாகியிருக்கும். அடுத்து அவர் எடுக்கும் முடிவுதான் கவலை தருகிறது: “என் உடம்பே அப்படித்தான்.” அதன்பின் 1,400 என்பது 1,100 ஆகும். மதியச் சாப்பாடு நின்றுபோகும். விரிவுரையில் தலை சுற்றும்.

உடம்பின் மீது பழி போடுவதற்கு முன், அந்த 1,400 என்ற எண்ணைக் கொஞ்சம் சந்தேகிக்கலாம்.

1992ஆம் ஆண்டு ‘நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகை’யில் ஓர் அமெரிக்க ஆய்வு வெளியானது. 1,200 கலோரிக்கும் குறைவாகச் சாப்பிட்டும் எடை குறையவில்லை என்று நம்பிய பத்துப் பேரின் உடல் செலவிடும் ஆற்றலை ஆய்வாளர்கள் துல்லியமாக அளந்தார்கள். அது எதிர்பார்த்த அளவில்தான் இருந்தது. உடம்பில் கோளாறு ஒன்றும் இல்லை. ஆனால், அவர்கள் உண்மையில் சாப்பிட்டதற்கும் எழுதி வைத்ததற்கும் இடையே சராசரியாக 47 விழுக்காடு வித்தியாசம். ஏறக்குறைய பாதி உணவு கணக்கிலேயே வரவில்லை.

அவர்கள் பொய் சொன்னார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. உணவைக் கண்ணால் அளப்பது உண்மையிலேயே கடினம். அதுவும் நம் வீட்டுச் சமையல் என்றால் கேட்கவே வேண்டாம்.

எண்ணெயையே எடுத்துக்கொள்வோம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி. நல்லெண்ணெய், ஆலிவ் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் எதுவானாலும் இதில் பெரிய மாற்றம் இல்லை. அம்மா புட்டியைச் சாய்த்து “ஒரு சுற்று” ஊற்றினால் அது ஒரு கரண்டியா மூன்று கரண்டியா என்பது அம்மாவுக்கே தெரியாது. செயலியில் ‘கோழிக்கறி, ஒரு கிண்ணம்’ என்று தட்டினால் வருவது யாரோ ஒருவர் வீட்டுக் கறியின் கணக்கு. உங்கள் வீட்டில் எவ்வளவு தேங்காய்ப்பால் ஊற்றினார்கள் என்பது அதற்கு எப்படித் தெரியும்?

இதற்கு ஒரு வழி இருக்கிறது: சட்டியோடு எடை போடுவது. முதலில் வெறும் சட்டியின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். சமைக்கும்போது உள்ளே போகும் ஒவ்வொன்றையும் அளந்து கூட்டுங்கள். எலும்பில்லாத, தோல் நீக்கிய கோழி 800 கிராம் என்றால் சுமார் 960 கலோரி. நான்கு மேசைக்கரண்டி எண்ணெய் 480. 200 மில்லிலிட்டர் தேங்காய்ப்பால் சுமார் 400. வெங்காயம், தக்காளி, மசாலாவுக்கு 160 என்று வைத்தால் மொத்தம் 2,000. சமைத்து முடித்ததும் சட்டியோடு நிறுத்து, சட்டியின் எடையைக் கழியுங்கள். கறி 1,600 கிராம் இருந்தால் ஒரு கிராமுக்கு 1.25 கலோரி. தட்டில் 200 கிராம் போட்டுக்கொண்டால் 250 கலோரி. மேலே மிதக்கும் எண்ணெயை விட்டுவிட்டு அடியிலிருந்து அள்ளினால் இந்தக் கணக்கு பிசகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகத் தராசை அடுப்படிக்குக் கொண்டுபோனபோது, “ஏம்மா, நான் என்ன நகைக்கடையா வச்சிருக்கேன்?” என்றுதான் அம்மா கேட்டார். இரண்டாவது வாரம் அவரே எண்ணெய்ப் புட்டிக்குப் பக்கத்தில் ஒரு கரண்டியை வைத்துவிட்டார்.

சோற்றில் இன்னொரு சிக்கல். 100 கிராம் அரிசியில் சுமார் 360 கலோரி. 100 கிராம் சோற்றில் சுமார் 130. தண்ணீரை உறிஞ்சி எடை கூடுவதுதான் காரணம். அரிசியை நிறுத்துவிட்டுச் செயலியில் ‘சோறு’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், 100 கிராமுக்கு 230 கலோரி காணாமல் போகும். எதை நிறுத்தோமோ அதே பெயரில் பதிவு செய்ய வேண்டும்.

அடுத்தது பானங்கள். கோப்பிக் கடையில் ‘தே’ என்றால் சீனியும் கெட்டிப்பாலும் சேர்ந்தே வரும். ‘சியூ டாய்’ என்று கேட்டால் இனிப்பு குறையும். ‘ஓ கோசோங்’ என்றால் பாலும் இல்லை, சீனியும் இல்லை. கடைகளில் விற்கும் பானங்களில் நியூட்ரி-கிரேட் ‘பி’ என்று பார்த்ததும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறோம். அந்தத் தரம் சீனியையும் நிறைவுற்ற கொழுப்பையும் பார்க்கிறதே தவிர கலோரியை அல்ல. ‘பி’ பானத்தில் 100 மில்லிலிட்டருக்கு 5 கிராம் வரை சீனி இருக்கலாம். அரை லிட்டர் போத்தலில் 25 கிராம். அதுவே 100 கலோரி.

நாளுக்குச் சராசரியாக ஆணுக்கு 2,200, பெண்ணுக்கு 1,800 கலோரி என்பது சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் பொதுவான அளவு. 1,800 தேவைப்படும் ஒருவர் 1,500 சாப்பிடத் திட்டமிட்டால் மிச்சம் 300. ஒரு தே, கணக்கில் வராத ஒரு கரண்டி எண்ணெய், தோழியின் தட்டிலிருந்து எடுத்த ஒரு வடை: முடிந்தது 300.

வெளியே சாப்பிடும்போது இவ்வளவு துல்லியம் முடியாது. தேவையும் இல்லை என்பேன். உணவங்காடி நிலையத்தில் தராசை எடுத்து வைத்தால் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் என்ன சொல்வார்கள்! வாரியத்தின் ‘ஹெல்தி 365’ செயலியில் உள்ளூர் உணவுகள் இருக்கின்றன. கோழிச் சோறு ஒரு தட்டு சுமார் 600 என்று போட்டுவிட்டு நகரலாம். இரண்டு பதிவுகள் வெவ்வேறு எண்ணைக் காட்டினால் பெரியதை எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

கைக்கடிகாரம் “நீ 400 கலோரி எரித்தாய்” என்று பாராட்டினால், அந்த 400ஐச் சாப்பிட்டுவிடாதீர்கள். 2017இல் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பைப் பெரும்பாலானவை நன்றாகவே கணித்தன. கலோரியில் மட்டும், இருப்பதிலேயே சிறந்த கருவிகூடச் சராசரியாக 27 விழுக்காடு தவறியது. மோசமானது 93 விழுக்காடு.

கணக்கு சரியா என்று பார்க்க எடைதான் சாட்சி. ஆனால், ஒரு நாள் எடை அல்ல. முந்தைய இரவு உப்பு அதிகமான ஒரு மீ கோரெங், பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாள்கள் எல்லாம் உடம்பில் நீரைத் தேக்கும். தராசு ஒரு கிலோ கூடக் காட்டலாம். ஏழு நாள் எடையின் சராசரியை அடுத்த ஏழு நாள் சராசரியோடு ஒப்பிடுங்கள். மூன்று, நான்கு வாரமாக அது நகரவில்லை என்றால், செயலி காட்டும் எண்ணைவிட நிஜத்தில் அதிகம் சாப்பிடுகிறீர்கள் என்றே பெரும்பாலும் பொருள். உணவை வெட்டுவதற்கு முன் எண்ணெயையும் பானத்தையும் ஒருமுறை சரிபாருங்கள்.

உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு இதில் பெரும்பகுதி பொருந்தாது. வளரும் உடம்புக்குப் பெரியவர்களின் கலோரி அளவும் உடல் எடைக் குறியீட்டு எண்களும் சரிவராது. எடை கவலையாக இருந்தால் பெற்றோரோடு பலதுறை மருந்தகத்துக்குச் செல்லுங்கள். செயலியை வைத்து நீங்களாகவே பட்டினி கிடக்க வேண்டாம்.

பெரியவர்களிலும் சிலருக்கு எண்ணுவதே நோயாகிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு தோழி, பாட்டி வீட்டுத் தீபாவளி விருந்துக்கே போகவில்லை; அங்கே எதையும் நிறுத்துப் பார்க்க முடியாதாம். அளக்காத உணவைக் கண்டு பயம், சாப்பிட்டதற்குத் தண்டனையாக ஓட்டம் என்ற நிலை வந்தால், செயலியை அன்றே அழித்துவிட்டு ஆலோசகர் ஒருவரிடம் பேச வேண்டும். அந்தத் தோழி அப்படித்தான் செய்தாள். இந்த ஆண்டு பாட்டி வீட்டில் முறுக்கு பிழிய அவளும் போகிறாள்.