கட்டிய பல் பொருந்துவது எப்படி?

‘பல் போனால் சொல் போச்சு’ என்பது பழமொழி. முதியோரை எள்ளும் சொல்லாக இதனைக் கொள்வோர் உண்டு. ஆனால் இதனுள் இலக்கணமே அடங்கியிருக்கிறது. எழுத்துகள் பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியர் கூறும் எட்டினுள் பல்லும் ஒன்று. மேற்பல்லும் கீழிதழும் பொருந்தினால்தான் வகரம் பிறக்கும். நாவின் நுனி மேற்பல்லின் அடியைத் தொட்டால்தான் தகரமும் நகரமும் திருத்தமாக ஒலிக்கும். எனவே பற்களை இழந்த முதியவர் உணவின் சுவையோடு, நால்வர் நடுவே வாய் திறந்து பேசும் துணிவையும் இழந்துவிடுகிறார்.

பல் கட்டிக்கொள்வது இன்று அரிய செயல் அன்று. சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாக 1953-இல் பல் மருத்துவப் படிப்புத் தொடங்கியது. அதுவே பின்னர்த் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. அக்ரிலிக் என்னும் பொருளால் ஈற்றின் நிறத்திலேயே பல் செட் செய்யும் முறையும் 1930-களின் இறுதியிலேயே வந்துவிட்டது. இருந்தும் பல வீடுகளில் பல் செட் டப்பாவுக்குள்ளேதான் உறங்குகிறது; திருமணத்துக்குப் போகும்போது மட்டும் அது வெளியே வருகிறது. அது சரியாகப் பொருந்தாததே இதற்குக் காரணம்.

பொருத்தம் என்பது என்ன என்று ஸ்ரீபெரும்புதூர் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் உருவாகி வருகின்றன. ஒரகடம் வரையில் எத்தனையோ ஆலைகள். அங்கே ஒரே அளவில் செய்த உறுப்பு, ஆயிரம் வண்டிகளில் எதிலும் பொருந்தும். வாயோ அத்தகையது அன்று. ஒருவர் வாயின் அளவு மற்றொருவருக்கு ஆகாது. அதற்கும் மேலாக, ஒருவருடைய வாயே இன்றிருந்தபடி என்றும் இருப்பதில்லை.

பல்லைத் தாங்கிய தாடை எலும்பு, பல் போனபின் மெல்ல மெல்லக் கரைகிறது. முதற் சில மாதங்களில் இத்தேய்வு விரைவாக நிகழும். பின்னர் வாழ்நாள் முழுதும் சிறிது சிறிதாகத் தொடரும். கீழ்த்தாடையின் தேய்வு மேல்தாடையினதைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு என்று தால்கிரென் என்னும் ஆய்வாளர் 1972-இல் எழுதினார். மேற்செட் அண்ணம் முழுவதையும் மூடி, உமிழ்நீரின் மெல்லிய படலத்தால் ஒட்டி நிற்கிறது. கீழ்ச்செட்டோ குதிரை லாட வடிவினது. அதற்குப் பற்றிக்கொள்ள இடம் குறைவு. நாவும் அதனை ஓயாமல் அசைக்கிறது. ‘மேலே நன்றாக நிற்கிறது, கீழேதான் ஆடுகிறது’ என்ற முறையீடு இதனால்தான் எழுகிறது.

நல்ல பல் செட் ஒரே நாளில் ஆவதில்லை. வழக்கமாக ஐந்து முறையேனும் செல்லவேண்டும். முதலில் வாயின் அச்சு எடுப்பார்கள். அதைக் கொண்டு அவருக்கென்றே ஒரு தட்டுச் செய்து, உதட்டையும் கன்னத்தையும் நாவையும் அசைக்கச் சொல்லி, மறுபடியும் நுட்பமாக அச்செடுப்பார்கள். அடுத்து, மெழுகுக் கட்டைகளை வைத்துத் தாடைகள் இரண்டும் கூடும் நிலையையும் முகத்தின் உயரத்தையும் குறிப்பார்கள். பிறகு மெழுகில் பல் பதித்து அணிவித்துப் பார்ப்பார்கள். இதுவே முதன்மையான நாள். மெழுகில் திருத்துவது எளிது. அக்ரிலிக்கில் வார்த்தபின் அரிது. ஆகவே வீட்டார் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நன்று.

அன்று கண்ணாடி பார்ப்பதோடு அமையாமல், ‘ஸ்ரீபெரும்புதூர்’ என்று நிறுத்திச் சொல்லிப் பாருங்கள். முதலெழுத்தைச் சொல்கையில் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் நெருங்க வேண்டும், மோதக் கூடாது. பகரத்துக்கும் மகரத்துக்கும் உதடுகள் வருந்தாமல் கூட வேண்டும். துகரத்துக்கு நா தன் இடத்தை இயல்பாகத் தொட வேண்டும். எங்கேனும் இடறினால் அப்போதே மருத்துவரிடம் கூறிவிடுங்கள்.

ஆலைகளில் முறைவேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ஐந்து நாள் விடுப்பு எளிதில் கிடைப்பதில்லை. அதனால், ‘ஒரே நாளில் முடித்துத் தாருங்கள்’ என்று கேட்கிறார்கள். அவ்வாறு விட்டுப்போன படிகளே பின்னர்ப் புண்ணாகவும் ஆட்டமாகவும் வெளிப்படுகின்றன. எத்தனை முறை வரவேண்டும் என்பதை முதல் நாளிலேயே கேட்டு, விடுப்பை அதற்கேற்ப வகுத்துக்கொள்வதே சிக்கனம்.

அணிந்தபின்னும் பொறுமை வேண்டும். கட்டிய பல்லின் கடிவலிமை இயற்கைப் பல்லினதில் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்கே. முதலில் குழைந்த சோறும் இட்டிலியும் உண்டு, இருபுறமும் சமமாக மென்று பழக வேண்டும். கொட்டைப் பாக்கு வேண்டுவோர் பாட்டியின் சிற்றுரலை எறிந்துவிட வேண்டா! புண் ஏற்பட்டால் தாமே அரம் கொண்டு தேய்ப்பது தவறு. மருத்துவரே இடமறிந்து தேய்க்க வேண்டும். இரவில் கழற்றித் தண்ணீரில் இட்டு வையுங்கள். வெந்நீர் அதன் வடிவைக் கெடுக்கும். மென்மையான தூரிகையும் சோப்பும் கொண்டு துலக்குங்கள். கரகரப்பான பற்பொடி கீறிவிடும்.

எலும்பு தேயத் தேயச் செட் தளரும். ஆண்டுக்கொரு முறை காட்டினால், உட்புறத்தில் புதுப்பூச்சு இட்டுப் பொருத்தத்தை மீட்கலாம். எவ்வளவு செய்தும் கீழ்ச்செட் நில்லாதவர்களுக்கு வேறொரு வழியும் உண்டு. தாடை எலும்பில் இரண்டு சிறு டைட்டானியத் தூண்களைப் பதித்து, அவற்றின்மேல் செட்டை மாட்டலாம். பற்கள் இல்லாத கீழ்த்தாடைக்கு இதனையே முதல் தெரிவாகக் கொள்ளலாம் எனக் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2002-இல் கூடிய அறிஞர் குழு உரைத்தது. செலவு கூடுதல், எலும்பும் உடல்நலமும் இடம்தர வேண்டும்.

பல் செட்டை விலை கொடுத்து வாங்கிய பண்டமாக எண்ணுவோருக்கு அது டப்பாவில்தான் கிடக்கும். உடலோடு வளைந்து மாறும் உறுப்பாக எண்ணி, மருத்துவரோடு சேர்ந்து அதனைத் திருத்திக்கொண்டே வருவோருக்குச் சோறும் சுவைக்கும், சொல்லும் திரும்பும்.