உஷார்! காதில் கேட்கும் குரலுக்குத் தாயத்து மருந்தல்ல

"சும்மா இரு! வாய மூடு!" ஆளில்லாத மூலையைப் பார்த்து மகன் கத்துகிறான். காதில் பஞ்சு. வானொலி அலறுகிறது. அம்மாவுக்கு வயிறு கலங்குகிறது. "காத்து கருப்பு அடிச்சிருக்கு" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. ஜொகூரில் காஹாங் பக்கத்துத் தோட்டமானாலும் சரி, சென்னையானாலும் சரி, நம்மவர்களின் முதல் ஓட்டம் மந்திரிப்பவரிடம்தான். நாட்கள் அங்கேதான் வீணாகின்றன.

2001 ஆகஸ்ட் 6ஐ மறந்துவிடாதீர்கள். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு கொட்டகை விடிவதற்குள் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். கும்பிடப் போவது தப்பில்லை. கும்பிட்டதோடு நிறுத்திவிடுவதுதான் தப்பு.

இன்னொரு வலையும் இருக்கிறது. "பேசியே சரிபண்ணிடலாம், மாத்திரையைத் தூக்கிப் போடுங்க" என்பவரிடம் உஷார்! பேச்சு சிகிச்சை உண்மையிலேயே உதவும். லண்டனில் 150 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினர் தங்களைத் திட்டும் குரலுக்குக் கணினியில் ஒரு முகம் கொடுத்து, அதை எதிர்த்துப் பேசப் பழகினார்கள். 12 வாரத்தில் குரலின் கொடுமை நன்றாகவே குறைந்தது. ஆனால் 24 வாரத்தில், சாதாரண ஆறுதல் ஆலோசனை பெற்றவர்களோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசமில்லை. பேச்சு மருந்துக்குத் துணை, மாற்று அல்ல. மாத்திரையை நிறுத்துவதும் குறைப்பதும் டாக்டர் சொல்லித்தான். மலேசியாவில் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்யாதவர் கவுன்சிலராகத் தொழில் நடத்தக்கூடாது. பதிவு இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

குரல் கேட்டாலே பைத்தியம் என்றும் இல்லை. செத்துப்போன கணவர் கூப்பிடுவதுபோல் கேட்பது துக்கத்தில் சகஜம். கடும் காய்ச்சலும் சியாபு போதைப்பொருளும்கூடக் குரலை வரவழைக்கும். சென்னையில் குரல் கேட்கும் 20 பேரிடம் பேசிப் பார்த்த ஆய்வில் பாதிக்கு மேற்பட்டோர் சொந்தக்காரர்களின் குரலையே கேட்டார்கள். குளி, சமை என்று வீட்டுப் பெரியவர்போல் அதட்டும் குரல்களும் அதில் உண்டு. யார் குரல், என்ன சொல்கிறது என்பதில் விஷயம் இருக்கிறது. பேச்சு சிகிச்சை பிடித்துக்கொள்ளும் நுனியும் அதுவே.

வீட்டில் என்ன செய்யலாம்?

"அதெல்லாம் பிரமை" என்று வாதாடாதீர்கள். "எனக்கும் கேக்குது" என்று தலையாட்டவும் வேண்டாம். "எனக்குக் கேக்கல, ஆனா உனக்குப் பயமா இருக்குன்னு தெரியுது" என்று சொல்லுங்கள்.

அடிக்காதீர்கள், கட்டிப் போடாதீர்கள்.

தூக்கம் கெட்டு, குளிக்காமல், யாரோ பின்தொடர்கிறார்கள் என்று சொன்னால் அரசாங்க கிளினிக்கில் காட்டுங்கள். காஹாங் பக்கமானால், அங்கிருந்து குளுவாங் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.

"சாவு", "வெட்டு" என்று குரல் ஏவுகிறதா? தனியே விடாதீர்கள். கத்தி, பூச்சி மருந்தை அப்புறப்படுத்திவிட்டு உடனே 999ஐ அழையுங்கள்.

அந்த அம்மா முதலில் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். வானொலிச் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது: "என்னய்யா சொல்லுது? உன்னை ஏதாவது பண்ணச் சொல்லுதா?" அவன் சொல்லும் பதிலைத்தான் டாக்டரும் முதலில் கேட்பார்.