ஒரே மாதிரி எரியும் மருந்து

அரியலூர்ப் பக்கம் வெடிமருந்து என்றால் சுண்ணாம்புக்கல் சுரங்கம்தான் நினைவுக்கு வரும். சுரங்கத்தில் வேட்டு வைத்தால் சுற்றுப்பட்டு ஊர்களில் சுவர் அதிரும். ரைபிள் தோட்டாவுக்கான மருந்தைப் பரிசோதிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான் என்று சொன்னால், "அதுவும் பாறை உடைக்கிற மருந்து மாதிரிதானே?" என்று செந்துறையிலும் கேட்கிறார்கள், பெரம்பலூரிலும் கேட்கிறார்கள். இல்லை. இரண்டுக்கும் குணமே வேறு.

பாறை உடைக்கும் மருந்தில் வெடிப்பலை நொடிக்குப் பல ஆயிரம் மீட்டர் வேகத்தில் பாயும். ரைபிள் மருந்து அப்படி வெடிக்கவே கூடாது, எரிய வேண்டும். தோட்டாவின் அடியில் இருக்கும் பற்றவைப்பு மூடியான கேப்பில் ஊசி தட்டியதும் பொறி பறந்து, ஒவ்வொரு துணுக்கும் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி எரிந்து வாயுவாகிறது. அந்த வாயுவின் அழுத்தம்தான் குண்டைக் குழல் வழியே தள்ளுகிறது. இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவான நேரத்தில் முடிந்துவிடும்.

1884-ல் பிரான்சின் பால் வியெய், நைட்ரோசெல்லுலோஸிலிருந்து ரைபிளுக்கான புகையில்லா மருந்தைச் செய்தார். 1889-ல் இங்கிலாந்தில் ஏபெலும் டூவாரும் கார்டைட் என்ற இன்னொரு புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கார்டைட்டை இந்தியாவிலேயே செய்ய, நீலகிரி அருவங்காட்டில் 1903-ல் தொழிற்சாலை நிறுவப்பட்டது. இன்று அது மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது.

இன்றைய ரைபிள் மருந்து ஒன்றை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தால், பென்சில் ஈயத்தைப் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டது போலிருக்கும். துணுக்கின் நடுவே ஊசி முனையளவு துளை. எரிய எரிய வெளிப்பக்கம் சுருங்கும், துளை அகலும். ஒரு பக்கம் குறையும் பரப்பை மறுபக்கம் ஈடுகட்டுவதால் வாயு சீராக வெளிவரும். கருநிறம் கிராஃபைட் பூச்சினால் வருவது. துணுக்குகள் ஒட்டாமல் கொட்டவும், நிலைமின்சாரம் சேராமல் இருக்கவும் அந்தப் பூச்சு உதவுகிறது.

"சக்தி அதிகமான மருந்துதானே நல்ல மருந்து?" என்பது பலரும் கேட்கும் கேள்வி. குறி பார்த்துச் சுடுபவருக்கு வேகத்தைவிட ஒழுங்கு முக்கியம். நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டு 300 மீட்டர் போவதற்குள் ஏறக்குறைய முக்கால் மீட்டர் தாழ்ந்துவிடும். அது எப்போதும் அதே அளவு தாழ்ந்தால் கவலையில்லை. குறியை அதற்கேற்ப உயர்த்திக்கொள்ளலாம். ஒரு தோட்டா 800, அடுத்தது 790 என்றால் இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் விழும். 300 மீட்டர் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10 சென்டிமீட்டர்தான். கை நடுக்கத்துக்கும் காற்றுக்கும் போக மிஞ்சுகிற இடத்தில் மருந்தும் பங்கு கேட்டால் எப்படித் தாங்கும்?

ஆகவேதான் ஒவ்வொரு லாட் மருந்தையும், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதியையும், சோதிக்கிறார்கள். மூடிய எஃகுக் கலத்தில் எரித்து, அழுத்தம் எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்று பார்ப்பது ஒன்று. சோதனைக் குழலில் சுட்டு, வேகத்தையும் அழுத்தத்தையும் அளப்பது இன்னொன்று. தரம் தெரிந்த பழைய லாட்டையும் அதே நாளில், அதே குழலில் சுட்டு ஒப்பிட வேண்டும். இல்லையென்றால் வித்தியாசம் மருந்தால் வந்ததா, குழல் தேய்ந்ததால் வந்ததா என்று சொல்ல முடியாது.

வெப்பச் சோதனையை எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். கோடையில் பெரம்பலூர் வெயில் 40 டிகிரியைத் தொடும். மூடிக் கிடக்கும் காருக்குள் இன்னும் அதிகம். சூடேறிய மருந்து விரைவாக எரியும், அழுத்தம் கூடும், குண்டு மேலே போய் விழும். எனவே தோட்டாக்களைச் சூட்டிலும் குளிரிலும் வைத்தெடுத்துச் சுட்டுப் பார்ப்பார்கள்.

அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் உரிய சட்டத்துக்குட்பட்டு, சுடும் விளையாட்டுக்காரர்கள் தாங்களே தோட்டா நிரப்புகிறார்கள். அங்கே மருந்தை கிரெயின் கணக்கில் நிறுப்பது வழக்கம். ஒரு கிரெயின் என்பது சுமார் 65 மில்லிகிராம். மருந்து நிறுவனம் வெளியிட்ட அட்டவணையின் குறைந்த அளவில் தொடங்கி, அழுத்தம் கூடும் அறிகுறி தெரிகிறதா என்று கவனித்துக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். அட்டவணையின் உச்ச அளவைத் தாண்டினால் துப்பாக்கி முகத்துக்கு அருகிலேயே சிதறலாம்.

ஆஸ்திரேலியாவில் இருக்கும் என் அக்கா மகன் ஒருமுறை இலக்குத்தாளைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு போன் செய்தான். "மாமா, மூணு குண்டும் ஒரே ஓட்டையில விழுந்திருக்கு. இந்த மருந்தையே வச்சுக்கவா?"

"இன்னும் பதினேழு சுடு மாப்ளே, அப்புறம் பேசலாம்."

மூன்று குண்டு ஒன்றாக விழுவது தற்செயலாகவும் நடக்கும். இருபது சுட்டால்தான் மருந்தின் உண்மையான பரவல் தெரியும். இரண்டு மருந்தை ஒப்பிடும்போது முதல் மருந்தை முழுக்கச் சுட்டுவிட்டு இரண்டாவதற்குப் போகக் கூடாது. அதற்குள் குழல் சூடாகிவிடும், காற்று திரும்பிவிடும், தோளும் சோர்ந்துவிடும். மாற்றி மாற்றிச் சுட்டால் இந்தக் குறைகள் இரண்டுக்கும் சமமாகப் பங்கிடப்படும். ஒரு சோதனையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும்: மருந்தை மாற்றினால் குண்டும் கேப்பும் அப்படியே இருக்கட்டும். அவன் அப்படியே செய்தான். முதலில் பிரமாதமாகத் தெரிந்த மருந்து, இருபது தோட்டா முடிவில் மற்றதைவிட அகலமாகப் பரவியிருந்தது.

ஒழுங்கின் அருமை ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் உரிய அறிவு அல்ல. பெரம்பலூர்ப் பக்கத்து நரிக்குறவர் பெரியவர் ஒருவர், அந்தக் காலத்து நாட்டுத் துப்பாக்கி பற்றிப் பேசும்போது, தன் அப்பா எப்போதும் ஒரே மூங்கில் குப்பியால்தான் மருந்து அளப்பார், வேறு எதையும் தொடமாட்டார் என்றார். ஒழுங்கின் மதிப்பை அனுபவத்தில் கண்டவர் அந்த அப்பா.

நம் நாட்டில் உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். அழுத்தத்தை அளக்கும் கருவி இல்லாமல் மருந்தைக் கையாண்டு விரலையும் கண்ணையும் இழப்பதற்கு எந்தக் குறியும் ஈடாகாது.

சுடும் விளையாட்டில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு என்.சி.சி. இருக்கிறது, திருச்சியில் ரைபிள் கிளப் இருக்கிறது. அங்கே பயன்படும் பாயிண்ட் 22 தோட்டாவில் மருந்தை நாம் மாற்ற முடியாது. ஆனால் எந்த லாட் நம் துப்பாக்கிக்கு ஒத்துவருகிறது என்று சோதிக்கலாம். 50 மீட்டர் போட்டியின் பத்துப் புள்ளி வட்டம் 10.4 மில்லிமீட்டர்தான் என்பதால் உலக வீரர்கள் பலர் இதைச் செய்கிறார்கள். பெட்டியில் அச்சிட்ட லாட் எண்ணை நோட்டில் எழுதுங்கள். இருபது சுடுங்கள், எல்லாவற்றையும் அளந்து குறியுங்கள். அதற்குப் பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.