படகின் அடியில் தேங்கும் தண்ணீர்

மடத்துக்குளத்துக்காரனான எனக்கு அமராவதி வாய்க்கால் தண்ணீர்தான் பழக்கம். இமாமத் பணிக்காக இராமநாதபுரம் கடற்கரைக்குப் போன பிறகுதான் விசைப்படகின் உட்புறத்தைப் பார்த்தேன். எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு பலகையைத் தூக்கினார் டிரைவர். அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அடித்தது. குனிந்து பார்க்கப் போனேன். "தலையை உள்ளே விடாதீங்க ஹஜ்ரத்" என்று தோளைப் பிடித்து இழுத்துவிட்டார்.

எவ்வளவு நல்ல படகானாலும் அடியில் தண்ணீர் சேரும். புரொப்பல்லர் தண்டு வெளியே போகும் இடத்தில் கடல்நீர் சொட்டும். மழைநீர் இறங்கும், டீசல் கசியும். எல்லாவற்றையும்விட மோசமானது, மீன் அறையில் ஐஸ் உருகி இரத்தமும் செதிலுமாக வடிகிற நீர். காற்றுப் புகாத இடத்தில் இவை தேங்கினால், கடல்நீரிலுள்ள சல்பேட்டை பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாக மாற்றிவிடும். காற்றைவிடக் கனமான வாயு இது, அடியிலேயே தங்கும். குறைவாக இருக்கும்போதுதான் நாறும். காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு அளவை எட்டினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டதென்று நம்பி ஆள் இறங்குவார். அளவு இன்னும் கூடினால் உடனே மயக்கம், பிறகு மரணம்.

2022 ஏப்ரல் 17 அன்று மங்களூரில் மீன் பதப்படுத்தும் ஆலை ஒன்றின் கழிவுத் தொட்டியில் ஒருவர் விழுந்தார். காப்பாற்றப் போனவர்களும் சுருண்டு விழுந்தார்கள். இறந்தவர்கள் ஐந்து பேர். ஐவரும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அது ரமளான் மாதம்.

படகில் இதைத் தடுக்க, கரை சேர்ந்த அன்றே அடிநீரை இறைத்துவிட வேண்டும். எண்ணெய் கலந்த நீரைத் துறைமுகத்தில் கொட்டாமல் டிரம்மில் பிடிக்க வேண்டும். பிறகு சோப்புத்தூள் கலந்த நல்ல தண்ணீரால் தேய்த்துக் கழுவி, பலகைகளைத் திறந்து காயவிட வேண்டும். குறுக்குச் சட்டங்களில் நீர் ஓடுவதற்கென்று விட்ட சிறு துளைகளைச் செதில் அடைத்துக்கொள்ளும். கம்பி விட்டுக் குத்த வேண்டும். எஞ்சின் துடைக்க அங்கே பனியன் வேஸ்ட் துணியைப் பார்த்ததும் நம்ம ஊர்ச் சரக்கென்று எனக்கு ஒரு சந்தோஷம். ஆனால் கண்ட இடத்தில் போட்டால் பம்பின் வாயை அடைப்பதும் அதுதான். நாற்றத்தை மறைக்க பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்த்து ஊற்றுகிறவர்கள் உண்டு. அதிலிருந்து குளோரின் கிளம்பும்; அதுவும் விஷம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் பூட்டிக் கிடந்த படகைத் திறக்கும்போது இன்னும் கவனம் தேவை. பலகைகளைத் திறந்துவிட்டு, மின்விசிறி வைத்து வெளிக்காற்றை உள்ளே செலுத்த வேண்டும். வாயு அளக்கும் கருவியால் சோதித்த பிறகே ஆள் இறங்கலாம்.

கடலுக்கே போகாத நமக்கும் இது பொருந்தும். நம் வீட்டு செப்டிக் டேங்கிலும், சாயப்பட்டறைத் தொட்டியிலும் உண்டாவது இதே வாயுதான். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்குவது 2013 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கழிவுநீர் லாரியைக் கூப்பிடுங்கள். உள்ளே யாராவது மயங்கிவிட்டால், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு குதிக்காதீர்கள். துண்டு இந்த வாயுவைத் தடுக்காது. மேலே நின்றபடியே 112-ஐ அழையுங்கள்.