உலைக்களத்தில் உருவான ஏடுகள்

வாள் இருந்தது இடையிலே! வம்சப் பெருமை இருந்தது வாயிலே! வயலும், வயலிலே உழைத்த மக்களும் அவர்களின் உடைமை! இத்தனையும் பெற்றிருந்த போலந்துப் பிரபுக்களிடம் இல்லாதது ஒன்றுதான்: நாட்டைப் பற்றிய நினைப்பு!

அவர்களுடைய சட்டசபையில் ஒரு விந்தை விதி. ஒரே ஓர் உறுப்பினர் எழுந்து “அனுமதியேன்” என்றால் போதும். சட்டம் சாகும், சபை கலையும்! அந்த ஒருவரை விலைக்கு வாங்க அண்டை நாட்டு அரசுகளிடமா பணமில்லை? 1772-இல் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் கூடி நாட்டின் ஒரு பகுதியை அறுத்தெடுத்தன.

அந்த இருட்டிலே எழுந்தவர்தான் ஹ்யூகோ கொலொந்தாய். 1750-இல் பிறந்தவர். பிறப்பு பிரபு குலத்தில். உடுத்தியது பாதிரியார் அங்கி. ஆனால் குலத்துக்காக அவர் வக்காலத்து வாங்கவில்லை. கிராக்கோ பல்கலைக் கழகத்தைச் சீர்திருத்தும் பணி கிடைத்ததும், அங்கே கொலுவிருந்த லத்தீனை இறக்கினார். மக்கள் பேசும் போலந்து மொழியைப் பாடமொழி ஆக்கினார். இயற்கை விஞ்ஞானத்துக்கு இடம் தந்தார்.

1788-இல் வார்சாவில் சட்டசபை கூடிற்று. சபைத் தலைவர் மலாகோவ்ஸ்கிக்குப் பெயர் போடாத கடிதங்கள் எழுதி அச்சிட்டார் கொலொந்தாய். தனியொருவரின் தடையுரிமை ஒழிக! நகர மக்களுக்கு உரிமை தருக! உழவனின் அடிமைத் தளையை அறுத்திடுக! இவையே அக்கடிதங்களின் சாரம். எழுத்தாளர் பலர் அவரைச் சுற்றித் திரண்டனர். “கொலொந்தாயின் உலைக்களம்” என்றே அந்த அணிக்குப் பெயர். வேத பாட வினா விடை வடிவிலே அரசியல் கேலி எழுதிய யெஜியெர்ஸ்கி, அந்த உலையிலே தெறித்த நெருப்பு!

1789 டிசம்பர் 2. நகரங்கள் 141-இன் பிரதிநிதிகள் கறுப்புடை பூண்டு மன்னரிடம் சென்றனர். கையிலே மனு, அதை வடித்தது கொலொந்தாயின் பேனா! 1791 ஏப்ரலில் நகர உரிமைச் சட்டம் வந்தது. மே 3-இல் அரசியல் சட்டமே பிறந்தது. “அனுமதியேன்” ஒழிந்தது!

உழவன்? சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்றனர்; விடுதலை என்று சொல்லவில்லை. சீர்திருத்தம் குடிசை வாசலிலே நின்றுவிட்டது.

விட்டார்களா சீமான்கள்? ரஷ்யப் படையை அழைத்தனர். 1792-இல் சட்டம் சாய்ந்தது. அந்த நெருக்கடியிலே கொலொந்தாயும் பணிந்து கையெழுத்திட்டார். அந்தக் கறையை நாம் மறைப்பானேன்? ஆனால் அவர் பணிந்தே கிடக்கவில்லை. 1794-இல் கொஷ்சியுஸ்கோ புரட்சிக்கொடி உயர்த்தியபோது தோள் கொடுத்தார். உழவனுக்கு ஆள் விடுதலை தரும் அறிக்கை அப்போதுதான் வந்தது. தாமதமாக வந்தது! புரட்சி வீழ்ந்தது, கொலொந்தாய்க்கு 1802 வரை ஆஸ்திரியச் சிறை. 1795-இல் போலந்தே வரைபடத்திலிருந்து மறைந்தது. மீண்டும் எழ 1918 ஆயிற்று.

1812-இல் அவர் கண்மூடினார். அந்நியனை அழைத்த சீமான்களின் பெயர் இன்று துரோகத்துக்கு மறுபெயர். மே 3-ஆம் நாளோ, போலந்தின் தேசியத் திருநாள்!

ஏட்டால் என்ன ஆகும் என்று ஏளனம் செய்வோருக்கு அந்த உலைக்களம் பதில் சொல்லும். உழைப்பவன் வீட்டு வாசலிலே நின்றுவிடும் சீர்திருத்தத்தைக் காக்க எத்தனை கரங்கள் வரும் என்பதையும், தோழர்களே, அது சொல்லும்!