படுக்கைப்புண்ணும் புரதவுணவும்

கலவான தோட்டப்புறங்களிற் கிடையாய்க் கிடக்கும் முதியோருக்குக் கஞ்சியும், தேநீரில் தோய்த்த ரொட்டியும் ஊட்டக் காண்கின்றோம். அன்பினாற் செய்வதே, எனினும் படுக்கைப்புண் ஆறுதற்கு அது போதாது. புதுத்தசை வளரப் புரதம் வேண்டும். புண்ணினின்று வடியும் நீரோடும் புரதம் கழிகின்றது. போசாக்குக் குன்றிய இத்தகையோருக்கு, உடல்நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் அளிக்குமாறு 2019 ஆம் ஆண்டின் பன்னாட்டு மருத்துவ வழிகாட்டி பரிந்துரைத்தது. 40 கிலோகிராம் நிறையுள்ள மூதாட்டிக்கு இது 48 முதல் 60 கிராம் ஆகும். முட்டையொன்று தருவது ஏறக்குறைய 6 கிராமே. 100 கிராம் மைசூர்ப் பருப்போ 24 கிராம் வரை தரும். நெத்தலிக் கருவாட்டை உப்பகலக் கழுவி, இடித்துக் கஞ்சியிற் கலத்தலும் நன்று. அதற்காகச் சோற்றையும் ரொட்டியையும் குறைத்தலாகாது. குறைப்பின், உடல் புரதத்தையே விறகாக எரித்துவிடும். சிறுநீரக நோயுடையாருக்கு மாத்திரம் இவ்வளவு மருத்துவரை வினவியே வகுக்கத்தக்கது.