செல்போனில் மோட்டாரைப் போடலாம்... கிணற்றில் தண்ணீர் இருப்பது போனுக்குத் தெரியுமா?

ராத்திரி ரெண்டு மணி. திருச்சுழி பக்கம் ஒரு தோட்டத்தில் மும்முனை மின்சாரம் வருகிறது. தோட்டத்துக்காரர் வீடு மூன்று கிலோமீட்டர் தள்ளி. முன்பென்றால் டார்ச் லைட்டும் கம்புமாக வரப்பில் இறங்கி நடக்க வேண்டும். கட்டுவிரியன் வெளியே வருகிற நேரமும் அதுதான். இப்போது தலைமாட்டில் கிடக்கும் செல்போன் ஒலிக்கிறது: கரண்டு வந்துருச்சு. படுத்தபடியே ஒரு பட்டனை அழுத்தினால் மோட்டார் ஓட ஆரம்பித்துவிடும். ராத்திரியில் தொட்டி நிரம்பட்டும், விடிந்ததும் பாய்ச்சிக்கொள்ளலாம்.

இதைச் செய்வது மோட்டார் ரூமில், ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் மாட்டப்படும் ஒரு சின்னப் பெட்டி. ‘மொபைல் ஸ்டார்ட்டர்’ என்பார்கள். உள்ளே ஒரு சிம் கார்டு இருக்கும். யோசனை புதிதல்ல. புனேயைச் சேர்ந்த பொறியாளர் சந்தோஷ் ஓஸ்த்வால், தன் வயதான தாத்தா மோட்டாரைப் போட நடையாய் நடந்ததைப் பார்த்து உருவாக்கிய ‘நானோ கணேஷ்’ கருவி, 2009-ல் நோக்கியா நடத்திய போட்டியில் பரிசு வென்றது. இன்று பல கம்பெனிகள் இத்தகைய பெட்டிகளைச் செய்கின்றன. பெட்டி வாங்குவது சுலபம். அதன் வயர்களை ஸ்டார்ட்டரில் எங்கே கொடுக்கிறோம் என்பதில்தான் மோட்டாரின் ஆயுளும், சில நேரம் மனிதரின் ஆயுளும் இருக்கிறது.

ஸ்டார்ட்டருக்குள் என்ன நடக்கிறது?

பச்சை பட்டனை அழுத்தினால் மோட்டாருக்கு நேராகக் கரண்ட் போவதில்லை. உள்ளே இருக்கும் ஒரு காயிலுக்குத்தான் போகிறது. காயில் காந்தமாகி ‘டக்’கென்று இழுக்கும்போது மூன்று பேஸும் மோட்டாருக்குச் சேர்கின்றன. கூடவே இன்னொரு சின்னத் தொடுப்பும் மூடிக்கொள்ளும். அதனால்தான் பட்டனிலிருந்து விரலை எடுத்த பிறகும் மோட்டார் ஓடுகிறது. சிவப்பு பட்டன் இதற்கு நேர்மாறு. சாதாரணமாக மூடியே இருக்கும். அழுத்தினால் காயிலுக்குப் போகும் கரண்ட் அறுந்து மோட்டார் நின்றுவிடும். கரண்ட் போனாலும் காயில் விட்டுவிடும். திரும்ப வந்தாலும், யாராவது பச்சை பட்டனை அழுத்தாமல் மோட்டார் தானாக ஓடாது. இது குறை அல்ல, வேண்டுமென்றே வைத்த பாதுகாப்பு.

மொபைல் ஸ்டார்ட்டர் செய்வது விரலின் வேலையை மட்டும்தான். அதிலிருந்து வரும் இரண்டு வயர்கள் பச்சை பட்டனுக்கு இணையாகப் போகும். போனில் ‘ஆன்’ கொடுத்தால் இரண்டு, மூன்று விநாடி மூடித் திறக்கும். இன்னும் இரண்டு வயர்கள் சிவப்பு பட்டனோடு தொடராகச் சேரும். ‘ஆஃப்’ கொடுத்தால் ஒரு கணம் திறக்கும். மூன்று பேஸையும் பார்க்க மூன்று வயர். மோட்டார் எடுக்கும் ஆம்பியரை அளக்க ஒரு வளையம். அவ்வளவுதான்.

லண்டனில் இருக்கும் நம் சொந்தக்காரர்கள் வீட்டு பாய்லருக்கு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் மாட்டுவதும் கிட்டத்தட்ட இதே கதை. சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட் எதையும் சூடாக்குவதில்லை, பாய்லரிடம் ‘இப்ப ஓடு’ என்று சொல்வதோடு சரி. அங்கே அறையின் சூடு தெரியும். இங்கே பெட்டிக்குத் தண்ணீர் தெரியாது.

வயரிங்கில் எங்கே தப்பு நடக்கிறது?

முதல் தப்பு வோல்டேஜ். மும்முனை ஸ்டார்ட்டரின் காயில் பெரும்பாலும் இரண்டு பேஸ்களுக்கு நடுவே, 415 வோல்ட்டில் வேலை செய்கிறது. வீட்டு லைட்டுக்கும் ஃபேனுக்கும் விற்கும் 230 வோல்ட் வைஃபை சுவிட்சை வாங்கி இதில் சேர்த்தால் அது தாங்காது.

இரண்டாவது, ‘ஆன்’ தொடுப்பு விட்டுவிட்டுத் திறக்காமல் மூடியே இருப்பது. இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. சிவப்பு பட்டனை அழுத்தும்போது நின்ற மோட்டார், விரலை எடுத்ததும் மறுபடி ஓடினால் வயரிங் தப்பு.

மூன்றாவதுதான் மோசம். வயரை ஓவர்லோடு ரிலேவைத் தாண்டிக் கொடுத்துவிடுவது. மோட்டார் இறுகினாலும், ஒரு பேஸ் போனாலும் காயிலை விடுவித்து மோட்டாரைக் காப்பது அந்த ரிலேதான். அதைத் தாண்டி வயர் போனால் காயில் எரிகிற வரை மோட்டார் ஓடும். ரிலேயில் ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும். போன் மூலம் மோட்டாரை ஓடவிட்டு அதைத் தட்டினால் மோட்டார் நிற்க வேண்டும். மாட்டிக் கொடுத்த வயர்மேன் கிளம்புவதற்கு முன் இதைச் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

ஆம்பியர் வளையத்துக்குள் ஒரே ஒரு பேஸ் வயர்தான் போக வேண்டும். அவசரத்தில் மூன்று வயரையும் சேர்த்து நுழைத்துவிட்டால், மூன்று கரண்ட்டும் ஒன்றையொன்று ஈடுசெய்து பெட்டிக்குப் பூஜ்யம் என்றே தெரியும். ‘தண்ணீர் இல்லை’ என்று நினைத்து அது மோட்டாரை நிறுத்திக்கொண்டே இருக்கும். ‘பெட்டி சரியில்லை’ என்று கடைக்காரரோடு சண்டை போடுவதற்கு முன் இதைப் பார்த்துவிடலாம்.

தண்ணீர் இல்லாவிட்டால்?

திருச்சுழி வானம் பார்த்த கரிசல் பூமி. இங்கே பல கிணறுகளும் போர்களும் கொஞ்ச நேரம் இறைத்தால் வற்றி, பிறகு ஊற வேண்டியவை. கூட நிற்கிற ஆளுக்குக் குழாயில் காற்று கலந்து தண்ணீர் ‘புஸ் புஸ்’ என்று வருவது கண்ணுக்குத் தெரியும். அருப்புக்கோட்டையில் படுத்திருப்பவருக்கு போனில் ‘மோட்டார் ஆன்’ என்பது மட்டுமே தெரியும். இதில் இன்னொரு சிக்கல். 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் தமிழ்நாட்டில் மின்சாரம் இலவசமானது. மோட்டார் வெறுமனே ஓடியதை மாசக் கடைசியில் பில் வந்து சொல்லப்போவதில்லை.

நீர்மூழ்கி மோட்டார் சூடு தணிவதே சுற்றியுள்ள தண்ணீரால்தான். தண்ணீர் இறங்கிவிட்டால் புஷ் தேயும், காயில் எரியும். மோட்டாரை மேலே தூக்கி ரீவைண்டிங் செய்து இறக்குவதற்குள், சேமித்த நடையெல்லாம் வட்டியோடு போய்விடும்.

இதற்குப் பெட்டியிலேயே ‘டிரை ரன்’ வசதி உண்டு. தண்ணீரை இறைக்கும்போது 8, 9 ஆம்பியர் எடுக்கும் 5 எச்.பி. மோட்டார், தண்ணீர் தீர்ந்ததும் சுமை குறைந்து அதைவிடக் குறைவாக எடுக்கும். அந்த இறக்கத்தைப் பார்த்துப் பெட்டி நிறுத்துகிறது. ஆனால் ‘சரியான ஆம்பியர்’ எது என்று முதலில் நாம்தான் அதற்குச் சொல்லித்தர வேண்டும். குழாய் நிறையத் தண்ணீர் வரும் நேரத்தில் அளவெடுக்க வேண்டும். சித்திரையில் கிணறு பாதி வற்றியிருக்கும்போது செட்டிங் செய்தால், பாதித் தண்ணீரையே முழுத் தண்ணீர் என்று நினைத்துக்கொள்ளும்.

ஊற்று குறைந்த கிணறுகளுக்கு ‘சைக்ளிக் டைமர்’ பொருந்தும். அரை மணி நேரம் ஓட்டு, இரண்டு மணி நேரம் நிறுத்து என்று சொல்லிவிடலாம். எவ்வளவு நேரத்தில் ஊறும் என்பது கிணற்றுக்குக் கிணறு வேறு. அது தோட்டக்காரருக்குத்தான் தெரியும், கம்பெனிக்காரருக்குத் தெரியாது.

‘ஆட்டோ’வில் போட்டால் என்ன ஆபத்து?

கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும் வசதிதான் ‘ஆட்டோ’. ஒரு டிரான்ஸ்பார்மரில் இருக்கும் எல்லோரும் இதைப் போட்டால், கரண்ட் வந்த நொடியில் அத்தனை மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பும். கிளம்பும்போது மோட்டார் சாதாரணத்தைவிடப் பல மடங்கு கரண்ட்டை இழுக்கும். வோல்டேஜ் விழும், பியூஸ் போகும். பெட்டியில் ‘டிலே’ செட்டிங் இருப்பது இதற்காகத்தான். பக்கத்துத் தோட்டக்காரர் ஒரு நிமிடம் வைத்தால் நீங்கள் மூன்று நிமிடம் வையுங்கள். பேசிவைத்துக்கொண்டால் எல்லோர் மோட்டாருக்கும் நல்லது.

அதைவிடப் பெரிய ஆபத்து, கிணற்றடியில் ஆள் இருக்கும்போது மோட்டார் ஓடுவது. ‘கரண்டு இல்லையே’ என்று ஒருவர் கேபிளைப் பிரித்துக்கொண்டிருப்பார். கரண்ட் வரும். ஆட்டோவில் மோட்டார் எடுக்கும். அல்லது, விஷயம் தெரியாமல் ஊரிலிருந்து மகன் போனில் ‘ஆன்’ கொடுப்பார். ஸ்டார்ட்டர் நின்றிருந்தாலும் அதற்கு வரும் வயர்களில் கரண்ட் இருக்கும் என்பதால், போனில் ‘ஆஃப்’ என்று காட்டுவதை நம்பிக் கைவைக்கக் கூடாது. மெயினை இறக்கி, மூன்று பீஸ் கட்டையையும் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கும் பழைய பழக்கத்துக்கு மாற்றாக எந்த ஆப்பும் வரவில்லை.

வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

பெட்டியில் உங்கள் வீட்டு நம்பர்களை மட்டும் பதிந்து, மற்ற அழைப்புகளை ஏற்காதபடி செய்ய வேண்டும். உள்ளே இருக்கும் சிம்முக்கு ரீசார்ஜ் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். போட்ட மோட்டாரை நிறுத்த முடியாமல் நள்ளிரவில் நடப்பது, போட நடப்பதைவிட எரிச்சலான வேலை. தோட்டத்தில் எந்த நெட்வொர்க் கிடைக்கிறது, பெட்டி 2ஜியா 4ஜியா என்பதையும் வாங்குவதற்கு முன்பே பார்க்க வேண்டும். 4ஜி மட்டுமே உள்ள சிம், 2ஜி பெட்டியில் வேலை செய்யாது.

எர்த்தும் முக்கியம். கரிசல் மண் ஈரமாக இருந்தால் கரண்ட்டை நன்றாகக் கடத்தும். கோடையில் பாளம் பாளமாக வெடித்துவிட்டால் எர்த் குழாயைச் சுற்றி மண்ணின் பிடிப்பே போய்விடும். பங்குனி, சித்திரையில் எர்த் குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும்.

இந்தக் கருவிக்குத் தமிழக அரசின் வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் வழங்கிவருகிறது. சிறு, குறு, ஆதிதிராவிடர், பழங்குடியின மற்றும் பெண் விவசாயிகளுக்கு விலையில் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம்; இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. வாங்கிவிட்டுப் போய்க் கேட்பதைவிட, முதலில் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் விசாரித்துவிட்டு வாங்குவது நல்லது.